ஒரு ஹோவர், பதின்மூன்று படகுகள்: கற்பனைப் படைக்குக் கணக்குப் போடுவது எப்படி?

அறிவியல் புனைகதை எழுதுகிறவர்களும் போர் விளையாட்டு வடிவமைக்கிறவர்களும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தப் படையைக் கற்பனை செய்துவிடுகிறார்கள்: தரையைத் தொடாமல் மிதந்து வரும் ஹோவர் குதிரைப்படை. சக்கரம் இல்லை, சங்கிலிப் பட்டை இல்லை. சேறு, மணல், ஆறு எதுவும் தடையில்லை. பழைய குதிரையின் வேகமும் இன்றைய டாங்கியின் பலமும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி. நானும் அப்படி ஒன்றை நோட்டில் வரைந்திருக்கிறேன். துப்பாக்கி எங்கே, கவசம் எவ்வளவு என்றெல்லாம் மளமளவென்று எழுதிக்கொண்டே போனேன். "மொத்தம் எத்தனை வண்டி?" என்ற இடத்தில்தான் பேனா நின்றது.

அந்த இடத்தில் நிற்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வண்டி என்னென்ன செய்யும் என்று யோசிப்பது சுலபம், சுகமும்கூட. அதற்கு என்ன செலவு, அந்தச் செலவில் வேறு எதெல்லாம் கிடைத்திருக்கும் என்று யோசிப்பதுதான் கஷ்டம். ஆனால் அதை யோசித்த பிறகுதான் கற்பனைப் படைக்கு எலும்பும் சதையும் வருகிறது.

நிஜமாகவே இருந்த ஹோவர் குதிரைப்படை

இது முழுக்கக் கற்பனை என்று நினைக்க வேண்டாம். விசிறியால் அடியில் காற்றை ஊதி, அந்தக் காற்றின் மேல் மிதந்து போகும் வண்டிதான் ஹோவர்கிராஃப்ட். ஆங்கிலேயப் பொறியாளர் கிறிஸ்டோபர் காக்கரெலின் யோசனையில் உருவான எஸ்.ஆர்.என்.1 என்ற ஹோவர்கிராஃப்ட் 1959 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது. ஏழே ஆண்டுகளில், 1966-இல், அமெரிக்கக் கடற்படை இந்த வகை வண்டிகள் மூன்றை வியட்நாமின் மீகாங் கழிமுகத்துக்குக் கொண்டுபோனது. பிரிட்டிஷ் எஸ்.ஆர்.என்.5 வடிவமைப்பை வைத்து பெல் நிறுவனம் அமெரிக்காவில் கட்டியவை அவை. 1968-இல் அமெரிக்கத் தரைப்படையும் தனக்கென்று மூன்றைக் கொண்டுவந்தது. அவற்றை ஓட்டிய சின்னஞ்சிறு பிரிவின் பெயர் 39-ஆவது குதிரைப்படை பிளட்டூன்.

குதிரை போன பிறகும் அந்தப் பெயர் ஏன் நிலைத்தது? அது செய்கிற வேலை அப்படியே இருந்ததால்தான். முன்னால் போய் வேவு பார்ப்பது, பெரும்படையின் பக்கவாட்டைக் காப்பது, சட்டென்று அடித்துவிட்டு விலகுவது, ஓடும் எதிரியைத் துரத்துவது. உங்கள் ஹோவர் படை இந்த வேலைகளில் எதைச் செய்யப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்துவிடுங்கள். நான்கையும் செய்யும் என்று சொன்னால் விலை எகிறிவிடும்.

இப்போது விலைக்கு வருவோம். கடற்படையின் ஹோவர் ஒன்றுக்குச் சுமார் 10 லட்சம் டாலர் ஆனது. அதே ஆறுகளில் ரோந்து போன சிறிய கண்ணாடியிழைப் படகு ஒன்றின் விலை சுமார் 75,000 டாலர். அதாவது ஒரு ஹோவரின் காசில் பதின்மூன்று படகுகள்.

செலவைப் பற்றி யோசிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. டாலரிலோ உங்கள் கதை நாட்டின் பொற்காசிலோ விலையைச் சொன்னால் மனதில் ஒன்றும் பதியாது. "ஒரு ஹோவரா, பதின்மூன்று படகா?" என்று கேட்டால் உடனே மூளை வேலை செய்ய ஆரம்பிக்கும்.

சரி, எது மேல்? கால்வாய்களில் என்றால் சந்தேகமே இல்லாமல் படகுதான். பதின்மூன்று படகுகள் பதின்மூன்று இடத்தில் காவல் நிற்கலாம், இருட்டில் என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருக்கலாம். ஹோவர் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் பாயும். ஆனால் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கும், அதன் இரைச்சலோ வெகுதூரம் முன்பே வருகையைச் சொல்லிவிடும். வேவு பார்க்கிற படைக்கு அது சின்னக் குறையில்லை.

ஆனால் நாணல் சமவெளி என்ற பெரிய சதுப்பு நிலமும் மீகாங் பகுதியில் இருக்கிறது. மழைக்காலத்தில் ஆளுயரப் புல்லுக்கு நடுவே தண்ணீர் தேங்கி நிற்கும். இது கால்வாய், இது வயல் என்று பிரித்துச் சொல்ல முடியாது. படகு வரப்பில் முட்டிக்கொண்டு நிற்கும். ஹோவர் வரப்பின் மேல் ஏறி அந்தப் பக்கம் போய்விடும். பதின்மூன்று படகு என்ன, நூறு படகு இருந்தாலும் அங்கே பயன் பூஜ்யம்தான். அதிக விலைக்கு நியாயம் கிடைக்கிற இடம் இதுதான்: மலிவான மாற்று எத்தனை வாங்கினாலும் செய்ய முடியாத வேலை ஒன்று இருக்க வேண்டும்.

நம் பக்கத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. இந்தியக் கடலோரக் காவல்படை மண்டபத்தில் ஹோவர்கிராஃப்ட்களை வைத்திருக்கிறது. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். தனுஷ்கோடிக்கு அப்பால் மணல் திட்டுகள். ரோந்துக் கப்பல் தரைதட்டிவிடும் இடத்தில் ஹோவர் திட்டின் மேலேறிப் போய்க்கொண்டே இருக்கும். 2024 அக்டோபரில் இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம் காவல்படைக்காக 6 ஹோவர்களுக்கு 387.44 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. ஒன்று சுமார் 65 கோடி. எல்லாக் கடற்கரைக்கும் இதை வாங்கினால் கட்டுப்படியாகாது. மணல் திட்டும் சேறும் இருக்கிற கரைக்கு இதை விட்டால் வேறு வழி குறைவு.

அடுத்த கேள்வியையும் தவிர்க்க முடியாது: அந்தச் சதுப்புக்கு ஹெலிகாப்டர் போகாதா? போகும். மீகாங்கில் ஹோவரின் உண்மையான போட்டியாளர் அதுதான். அமெரிக்காவின் 1-ஆவது குதிரைப்படை டிவிஷன் 1965-லேயே ஹெலிகாப்டர் படையாக மாறியிருந்தது. ஆகவே உங்கள் உலகில் ஹோவர் இருக்க வேண்டும் என்றால் பறக்க முடியாததற்கோ பறப்பது ஆபத்து என்பதற்கோ காரணம் வேண்டும். தலை தூக்கினால் ஏவுகணை அடிக்கும் என்பது நல்ல காரணம். ஓயாத புயல் இன்னொன்று. ஏதோ ஒன்றை வைத்துவிடுங்கள்; அந்த ஓட்டையை வாசகர் கட்டாயம் கண்டுபிடிப்பார்.

மிதப்பதற்கு ஆகும் செலவு

பள்ளியில் பலர் செய்து பார்த்திருப்பீர்கள். ஒரு பழைய சிடியின் நடு ஓட்டையில் பாட்டில் மூடியை ஒட்டி, மூடியில் துளை போட்டு, ஊதிய பலூனை மாட்டினால் சிடி மேஜை மேல் வழுக்கிக்கொண்டு போகும். அதன் மேல் இரண்டு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துத் தள்ளிப் பாருங்கள், சட்டென்று நின்றுவிடும். ஓரமாக வைத்தால் ஒரு பக்கம் சாய்ந்து உரசும். துண்டின் மேல் வைத்தால் காற்றெல்லாம் இழை வழியே போய்விடும், மிதக்கவே மிதக்காது. ஹோவர் வடிவமைப்பின் பாதித் தலைவலி இந்த மூன்றில் அடங்கிவிட்டது: எடை, சமநிலை, தரை.

பெரிய அளவில் பார்ப்போம். 10 டன் எடை, 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் கொண்ட ஒரு வண்டி. அடியில் 50 சதுர மீட்டர் பரப்பு, சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை. இந்த அழுத்தம் கார் டயரில் இருப்பதில் நூறில் ஒரு பங்குதான், அதனால்தான் சேற்றில் புதையாமல் போகிறது. சுற்றிலும் 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் மொத்தத் திறப்பு ஒன்றரைச் சதுர மீட்டர், ஏறக்குறைய ஒரு கதவளவு. அந்தக் கதவு வழியே மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் காற்று ஓயாமல் வெளியேறுகிறது. அதை ஈடுகட்ட, எந்த இழப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், சுமார் 225 குதிரைத்திறன் வேண்டும். வண்டி இன்னும் ஓர் அடிகூட நகரவில்லை என்பதைக் கவனியுங்கள். சும்மா நிற்பதற்கே இந்தச் செலவு. டாங்கி என்ஜினை அணைத்துவிட்டுப் புதருக்குள் பதுங்கி, தேவைப்பட்டால் உடனே நகரும். ஹோவர் அணைத்தால் தரையில் அமர்ந்துவிடும். மறுபடி எழும்ப நேரம் ஆகும், சத்தமும் வரும்.

இப்போது கவசம் சேர்க்கலாம் என்று தோன்றும். அதே அளவு வண்டியில் எடையை 20 டன்னாக்கினால் உள்ளழுத்தம் இரட்டிப்பாகிறது, காற்று தப்பும் வேகமும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து, தேவையான திறன் இரண்டு மடங்கோடு நிற்காமல் ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. 225 என்பது 640 ஆகிவிடும். அந்தத் திறனுக்குப் பெரிய என்ஜின், அதற்கு அதிக எரிபொருள், இவற்றின் எடையைத் தூக்க இன்னும் கொஞ்சம் திறன். இடைவெளியை 5 சென்டிமீட்டரிலிருந்து 10 ஆக்கினால் தனியாக ஓர் இரட்டிப்பு. நிஜ ஹோவர்கள் வண்டியைச் சுற்றி ரப்பர் பாவாடை கட்டி இந்த இடைவெளியைக் குறைக்கின்றன. அந்தப் பாவாடை கல்லிலும் முள்ளிலும் தேய்ந்து கிழியும். ஹோவருக்குக் கவசம் போடுகிற எண்ணத்தையே கைவிடுங்கள் என்பேன். வேகமும் போகிற பாதையை எதிரி ஊகிக்க முடியாததுமே அதன் கவசம்.

துப்பாக்கி விஷயமும் இப்படித்தான். 10 கிலோ குண்டை நொடிக்கு 1,000 மீட்டர் வேகத்தில் சுட்டால், 10 டன் ஹோவர் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் பின்னால் போகும். பிடித்து நிறுத்தத் தரையோடு உராய்வு கிடையாது. பக்கவாட்டில் சுட்டால் பக்கவாட்டில் வழுக்கும். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிற சாதாரணச் சரிவில் சறுக்காமல் நிற்கவே ஒரு டன் அளவு உந்துவிசை தேவை. ஆகவே மலைநாட்டுக் கதையில் ஹோவர் படை வேண்டாம். மற்ற இடங்களில் ஆயுதமாக இயந்திரத் துப்பாக்கியும் பின்னுதைப்பு இல்லாத ராக்கெட்டும் போதும்.

கதை பூமியில் நடக்கவில்லை என்றால் இந்தக் கணக்கே மாறும், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சனிக் கோளின் நிலவான டைட்டனில் ஈர்ப்பு பூமியில் ஏழில் ஒரு பங்கு, காற்றோ நான்கு மடங்குக்கும் மேல் அடர்த்தி. அதே வண்டியை மிதக்க வைக்க அங்கே நாற்பதில் ஒரு பங்கு திறன் போதும். 225 குதிரைத்திறன் தேவைப்பட்ட இடத்தில் ஒரு ஸ்கூட்டர் என்ஜினின் திறன். மீத்தேன் ஏரிகளும் மணல் குன்றுகளும் வேறு இருக்கின்றன. ஆக்சிஜன் இல்லாததால் என்ஜினுக்கு வேறு ஆற்றல் மூலம் வேண்டும், அவ்வளவுதான். செவ்வாயில் தலைகீழ்: ஈர்ப்பு குறைவு என்றாலும் காற்று அவ்வளவு மெல்லியது என்பதால் பூமியைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு திறன் ஆகும்.

வாங்குவது ஒரு நாள், தீனி தினமும்

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்கோ போலோ அங்கே பார்த்த குதிரை வணிகத்தை எழுதி வைத்திருக்கிறார். அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறார், அவருடைய சகோதரர்களும் அப்படியே வாங்குகிறார்கள். ஆண்டு முடியும்போது நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். ஹோர்முஸ், ஏடன் போன்ற துறைமுகங்களிலிருந்து கப்பலேறி வந்த விலையுயர்ந்த குதிரைகள் அவை. பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இல்லாததால் மடிந்துபோயின. குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வணிகர்கள் இங்கே வரவிடாமல் பார்த்துக்கொண்டார்கள் என்றும் சொல்கிறார். குதிரை சாகச் சாகத்தானே வியாபாரம்.

அவர் சொன்ன எண்ணிக்கையில் மிகை இருக்கலாம், ஆனால் சிக்கல் இன்றைக்கும் அதேதான். ஓர் ஆயுதத்தின் வாழ்நாள் செலவில் சுமார் 70 சதவீதம் வாங்கிய பிறகு ஆகிற செலவு என்பது அமெரிக்கப் படைகளின் நீண்ட அனுபவம். எரிபொருள், உதிரிபாகம், மெக்கானிக், பயிற்சி எல்லாம் அதில் அடக்கம். உங்கள் கதையில் ஹோவரை விற்கிற நாடும் அதன் உதிரிபாகத்தைத் தருகிற நாடும் ஒன்றே என்றால், போரை எப்போது நிறுத்துவது என்பதை அந்த நாடே தீர்மானிக்கும். ஒரு நாவலுக்கே இது போதும்.

எண்ணிக்கையின் வலு

1916-இல் பிரடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேய மோட்டார் பொறியாளர் ஓர் எளிய கணிதத்தைச் சொன்னார். எல்லோரும் எல்லோரையும் சுட முடிகிற வெட்டவெளிச் சண்டையில், ஒரு படையின் வலு என்பது ஒவ்வொரு வண்டியின் தரத்தை எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைப்பது. எதிரியிடம் உங்களைப் போல் இரண்டு மடங்கு வண்டி இருந்தால் ஈடுகொடுக்க உங்கள் வண்டி இரண்டு மடங்கு சிறந்ததாக இருந்தால் போதாது, நான்கு மடங்கு வேண்டும். மூன்று மடங்கு என்றால் ஒன்பது. அதிக எண்ணிக்கை உள்ளவர் வேகமாக அடிக்கிறார், அவர் வாங்குகிற அடியும் பல வண்டிகளுக்குப் பிரிந்து போகிறது, அதனால்தான் வர்க்கம். ஒற்றையடிப் பாதையிலோ குறுகிய பாலத்திலோ மோதினால் வர்க்கம் செல்லாது, வெறும் விகிதம்தான். விலையுயர்ந்த சிறு படையை வைத்துக்கொண்டு ஜெயிக்க வேண்டிய தளபதி எதிரியைக் குறுகிய இடத்துக்கு இழுப்பது இதனால்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் என் கற்பனை. பத்தாண்டுக்கு உங்கள் நாட்டின் பட்ஜெட் 600 பொன். கனரக ஹோவர் விலை 20, பத்தாண்டுப் பராமரிப்பு 40, ஆக 60. பத்து கிடைக்கும். சிக்கலான இயந்திரம் என்பதால் பாதி எப்போதும் பட்டறையில். போருக்குத் தயாராக ஐந்து. இலகுரக ஹோவர் விலை 5, பராமரிப்பு 7, ஆக 12. ஐம்பது கிடைக்கும். பத்தில் ஏழு ஓடும் நிலையில் என்றால் முப்பத்தைந்து. ஐந்துக்கு முப்பத்தைந்து, ஏழு மடங்கு. வெட்டவெளியில் அந்த ஐந்தும் நாற்பத்தொன்பது மடங்கு சிறந்தவையாக இருந்தால்தான் சமம். இரண்டையும் கலந்தால் மூன்று கனரகமும் முப்பத்தைந்து இலகுரகமும் வாங்கலாம். நானாக இருந்தால் எல்லாவற்றையும் இலகுரகமாகவே வாங்குவேன்.

ஆனால் பொன்னை மட்டும் எண்ணினால் போதாது. ஐம்பது இலகுரக ஹோவருக்கு, வண்டிக்கு மூவர் வீதம் 150 பேர் வேண்டும். பத்து கனரகத்துக்கு, நால்வர் வீதம் 40 பேர். மக்கள்தொகை குறைந்த நாட்டுக்கு ஆள்தான் அருமை. இஸ்ரேலின் மெர்காவா டாங்கியில் என்ஜினை முன்னால் வைத்ததற்குக் காரணமே வண்டி போனாலும் ஆள் பிழைக்க வேண்டும் என்பதுதான். எந்தப் பொருள் உங்கள் உலகில் கிடைக்காதோ அதில் விலையை எழுதுங்கள்: ஆளா, எரிபொருளா, ஒரே ஒரு ஊரில் செய்கிற விசிறியா?

இன்னொரு வழியும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் டைகர் டாங்கிக்கு சுமார் இரண்டரை லட்சம் மார்க் செலவானது, செய்ததோ 1,300-க்குச் சற்று மேல். அதே நாடு சுழலும் மேற்கூண்டே இல்லாமல் ஸ்டூக் என்ற தாழ்ந்த கவச பீரங்கியைச் செய்தது. விலை 82,500 மார்க், எண்ணிக்கை சுமார் 10,000. ஒரே ஒரு திறனை விட்டதற்குக் கிடைத்தது அவ்வளவு. உங்கள் ஹோவரின் திறன் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். எதை அடித்தால் சதுப்பு வேலை நின்றுபோகிறதோ அதை மட்டும் திரும்ப எழுதுங்கள்.

கடைசியாக, இழப்பு. எத்தனை வண்டி போனால் உங்கள் படை படையாக இருக்காது? முப்பத்தைந்தில் இரண்டு போனால் தளபதி வருத்தப்படுவார், மறுநாள் கிளம்பிவிடுவார். மூன்றே மூன்று வைத்திருப்பவர் ஒன்றைப் பட்டறைக்கு அனுப்பினாலே யோசித்து யோசித்துத்தான் மற்றதை வெளியே விடுவார், வேவு பார்க்கத் துணிவு வராது. 39-ஆவது குதிரைப்படை பிளட்டூனிடம் இருந்தது மூன்று. 1970-இல் அதில் இரண்டு அழிந்தன. அந்த ஆண்டே பிரிவு கலைக்கப்பட்டது. மிஞ்சிய ஒன்று வர்ஜீனியாவில், ஃபோர்ட் யூஸ்டிஸில் உள்ள தரைப்படையின் போக்குவரத்து அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.